வலது பக்கப் பையா, இடது பக்கப் பையா?

சித்தப்பா குடல் ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள் சேலம் அம்மாப்பேட்டை வீட்டுக்கு வந்தார். மலக்குடலில் இருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். உள்ளே தைத்த இடம் ஆறும்வரை அந்த வழியாக எதுவும் போகக்கூடாது என்று, சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றின் வலது பக்கம் வெளியே எடுத்துப் பை மாட்டியிருந்தார்கள். இதற்கு இலியோஸ்டமி என்று பெயர்.

அடுத்த வாரமே ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். எல்லோரும் பை வைத்திருப்பவர்கள், இல்லையென்றால் வைத்து எடுத்தவர்கள். பை கசிந்தால் தோல் புண்ணாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, ராத்திரி எத்தனை முறை எழுந்து காலி செய்வது, பஸ்ஸில் போகும்போது என்ன செய்வது என்றெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டார். முகம் தெரியாத அந்த மனிதர்களுக்கு எங்கள் வீடே கடன்பட்டிருக்கிறது.

சாப்பாட்டு யோசனையில்தான் குழப்பம் வந்தது. "ஜவ்வரிசிக் கஞ்சி குடிங்க, ரெண்டே நாள்ல கெட்டியாயிடும்" என்றார் ஒருவர். "அதை மட்டும் தொடாதீங்க, எனக்கு நாலு நாளா வெளியே போகல" என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் உண்மைதான். இருவருக்கும் வெட்டிய இடம் வேறு.

நாம் குடிப்பது, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 8 முதல் 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடலே இழுத்துக்கொள்ளும். மிச்சம் ஒன்று, ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்குப் போகும். பெருங்குடல் அதையும் உறிஞ்சி, 100 முதல் 200 மில்லி தண்ணீரை மட்டும் மலத்தோடு அனுப்புகிறது. இலியோஸ்டமியில் அந்தக் கடைசி உறிஞ்சல் நடப்பதில்லை. அந்த ஒரு லிட்டர் அப்படியே பைக்கு வந்துவிடும். பெருங்குடலின் கடைசி வளைவில் வைக்கும் கொலோஸ்டமி பை பெரும்பாலும் இடது பக்கம் இருக்கும். அதில் மலம் அநேகமாகப் பழையபடி கெட்டியாகவே வரும்.

இப்போது ஜவ்வரிசிக்கு வருவோம். ஆத்தூர், தலைவாசல் பக்கம் விளையும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த மாவுச்சத்துதான் அது. நார் அநேகமாக இல்லை. வெந்ததும் பசையாகித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும் வலது பக்கப் பைக்கு இது நல்லது. ஏற்கெனவே தண்ணீர் வற்றிய மலம் வரும் இடது பக்கக்காரர், ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டு, நாரே இல்லாமல் அதையே குடித்தால் மலம் இறுகாமல் என்ன செய்யும்?

இதைவிட ஆபத்தான யோசனை ஒன்று உண்டு. "நிறைய தண்ணி குடிங்க" என்பதுதான் அது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் இலியோஸ்டமிப் பையில் போகும் ஒவ்வொரு லிட்டரிலும் கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் உப்பு போகிறது. சிறுகுடலின் மேல் பகுதிச் சுவர் கொஞ்சம் ஒழுகல் சுவர். உள்ளே உப்பில்லாத தண்ணீர் வந்தால், ரத்தத்திலிருந்து உப்பு குடலுக்குள் இறங்கிவிடும். அந்த உப்பும் பையோடு போய்விடும். பை ரொம்ப ஓடுகிறவர் தாகம் எடுக்கிறதே என்று வெறும் தண்ணீராகக் குடித்தால், குடிக்கக் குடிக்க இன்னும் வற்றிப்போவார். இலியோஸ்டமி வைத்தவர்கள் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த நீர்வற்றல். சிறுநீரகம் வரை போய்ப் பாதிக்கும்.

இளநீர்? சேலம் வெயிலில் அதைத்தான் எல்லோரும் வாங்கிக் கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. இழப்பதோ சோடியம். பழச்சாறும் குளிர்பானமும் சர்க்கரை மிகுந்தவை என்பதால் தண்ணீரைக் குடலுக்குள்ளேயே இழுத்து வைத்துவிடும்.

உதவுவது ஓஆர்எஸ் என்கிற உப்பு சர்க்கரைக் கரைசல். குடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உள்ளே நுழையும்போது இரண்டு சோடியத்தையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அவற்றின் பின்னாலேயே தண்ணீர் போகும். 1971-இல் வங்கத்து அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலநபிஸ் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்த உப்பு சர்க்கரைக் கரைசல் வேலை செய்ததும் இந்த வழியில்தான். இப்போதைய உலக சுகாதார நிறுவனப் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. அந்த அளவு தப்பக்கூடாது. பை ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். சித்தப்பாவுக்கு நாங்கள் ஓர் அளவு ஜாடி வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிவைப்பார்.

அப்புறம் ஏற்காடு ஆரஞ்சு. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒரு பை நிறைய கொண்டுவந்தார். சுளையின் மேலிருக்கும் வெள்ளைத் தோல் செல்லுலோஸ். அதைச் செரிக்கும் நொதி மனிதனிடம் இல்லை. மற்றவர்களுக்கு அது தொந்தரவில்லாமல் வெளியே போய்விடும். இலியோஸ்டமியில் குடல் வயிற்றுத் தசையைத் துளைத்து வரும் இடம் குறுகல். முதல் ஆறு, எட்டு வாரம் வீக்கமும் இருக்கும். நார்ப்பொருள் உருண்டு திரண்டு அங்கே அடைத்துக்கொள்ளும். பலாச்சுளை, தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம், நம்மூர் தட்டுவடை செட்டில் வைக்கும் பச்சைக் கேரட், பீட்ரூட் துருவல் எல்லாமே இந்த வகைதான். பல மணி நேரம் பை காலியாகவே இருந்து, வயிறு முறுக்கி வாந்தியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பீட்ரூட் தின்ற பிறகு பை சிவப்பானால் மட்டும் பதற வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் கவனித்தேன். "ஆறு மாசமா பி12 ஊசி போடல, நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வைட்டமின் பி12 உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அதை வெட்டி எடுத்துவிட்டாலும் கல்லீரலில் சேர்ந்திருக்கும் இருப்பு சில வருடங்களுக்கு வரும். ஆறாம் மாதம் அவர் நன்றாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. குறை தெரியத் தொடங்குவது மூன்றாம், நான்காம் வருடத்தில்.

குடல் தானாகவே பழகவும் செய்யும். முதல் வாரங்களில் ஒரு லிட்டருக்கு மேல் ஓடும் பை, போகப்போகப் பலருக்கு 500 முதல் 800 மில்லிக்குள் வந்து நிற்கும். அந்தச் சமயத்தில் யார் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். ஒருவருக்கு வெந்தயம், இன்னொருவருக்கு வாழைப்பழம், சித்தப்பாவுக்கு ஜவ்வரிசி.

போன வாரம் குழுவில் ஆத்தூர்க்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது, என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருந்தார். வரிசையாகப் பதில்கள் வந்து விழுந்தன. சித்தப்பாவும் மெல்லத் தட்டச்சு செய்து அனுப்பினார்: "பை வலது பக்கமா, இடது பக்கமா தம்பி? டிஸ்சார்ஜ் சீட்டுல எந்தக் குடலை எடுத்ததா எழுதியிருக்காங்க?"