பழைய லேப்டாப்புக்கு லினக்ஸா? முதலில் படங்களை எடுத்து வையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பழுதுபார்க்கும் கடைக்கு இந்த மாதம் இப்படி வந்த நான்காவது லேப்டாப் இது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா, துண்டில் சுற்றிச் சந்தைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். படிவம் 5 படிக்கும் மகளுடையது. விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்று கேள்விப்பட்ட அண்ணன்காரன், காணொளி பார்த்து, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸின் மிகச் சிறிய வகைகளில் ஒன்றான ஆன்டிஎக்ஸைப் போட்டிருக்கிறான். போடும்போது ஹார்ட்டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டான். பாட்டியின் கடைசித் தீபாவளிப் படங்கள் அதில்தான் இருந்தன.

"வேகமாவது வந்துச்சா தம்பி?" என்று அக்கா கேட்டார். வரவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது உண்மை. லினக்ஸுக்கு மாறுவதும் நல்ல யோசனைதான். ஆனால் "இருப்பதிலேயே சின்ன லினக்ஸைப் போட்டால் லேப்டாப் பறக்கும்" என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கணினி திறந்தவுடன் 200 எம்.பி. ரேம் பிடிக்கிறதா, 600 பிடிக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டா படிக்கப் போகிறது? பிரவுசரில் யூடியூபும் கூகுள் கிளாஸ்ரூமும் திறந்தால் அந்த மிச்சம் எல்லாம் கரைந்துவிடும். வலைப்பக்கத்தின் பாரம் எந்த லினக்ஸிலும் அதே பாரம்தான்.

இந்த லேப்டாப்பில் 4 ஜி.பி. ரேம் இருக்கிறது. குறை வேறு இடத்தில். கைவைக்கும் பக்கத்தில் காதை வைத்தால் கிரிக், கிரிக் என்று சத்தம்: சுழலும் பழைய ஹார்ட்டிஸ்க். அதைக் கழற்றி, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. மாட்டினால் கிடைக்கும் வேகத்தை எந்த லினக்ஸும் தராது.

4 ஜி.பி. இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போடுங்கள், போதும். 2 ஜி.பி. என்றால் லுபுண்டு அல்லது ஆன்டிஎக்ஸ், ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு டேப் மட்டும். லினக்ஸில் கட்டளை அடிக்கும் சன்னலான டெர்மினலில் lscpu என்று சிறிய எழுத்தில் அடித்துப் பாருங்கள். 64-பிட் என்று வராவிட்டால் அந்த லேப்டாப்புக்குப் பணம் செலவழிக்காதீர்கள். பல லினக்ஸ் வகைகளுக்கு அடிப்படையான டெபியனை 13-ஆம் பதிப்பு முதல் 32-பிட் கணினிகளில் நிறுவ வழியில்லை, பயர்பாக்ஸ் பிரவுசரும் லினக்ஸில் 32-பிட்டைக் கைவிட்டுவிட்டது. இன்டெலின் பழைய கோர் 2 டுவோ சிப் 64-பிட்தான், அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

போடுவதற்கு முன் படங்கள், பாடங்கள், வங்கிக் கடிதங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் சோதியுங்கள். பழைய பிராட்காம் வைஃபை அட்டைகள் அடிக்கடி மக்கர் செய்யும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற மென்பொருளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். டச்பேட் மேலே புடைத்திருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். நேரே கடைக்குக் கொண்டுவாருங்கள்.

தம்பிமார்களே, "டிஸ்க்கை அழி" என்று திரையில் வரும்போது கையை எடுத்துவிட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தயவுசெய்து.

அக்கா கொண்டுவந்த டிஸ்க்கில், அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓட்டினேன். பெயரும் தேதியும் இல்லாத படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன, பல பாதி சாம்பல் நிறத்தில். ஒன்றில் பாட்டி முறுக்கு பிழிந்துகொண்டிருக்கிறார். அதை மட்டும் அச்சிட்டு அக்காவிடம் கொடுத்தேன்.