சொன்ன சொல் கேட்காத குட்டி விமானம்

மட்டக்களப்பில் ரிமோட், ட்ரோன், சின்னச் சின்ன மின்னணுப் பொருட்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் மூக்கு உடைந்த ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) ரிமோட் விமானங்கள் என் மேசைக்கு வர ஆரம்பிக்கும். கொண்டுவரும் பிள்ளைகள் அநேகமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: "ரிமோட்டில பிழை சேர், சொன்ன பக்கம் போகுதில்ல." போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ரிமோட்டில் ஒரு குறையும் இருக்காது.

படுவான்கரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரே விமானத்தை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்தார். கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது, நடுவானில் நின்றதுபோல் ஆகிறது, பிறகு தலைகுப்புற விழுகிறது என்றார். பற்றரியையும் உள்ளே வைக்கச் சொல்லி, இறக்கையின் அடியில் இரண்டு விரல் நுனிகளை வைத்துத் தூக்கினேன். வால் சட்டென்று கீழே சரிந்தது. "இங்க பாரு மனே, இதுதான் உன்ர பிழை" என்றேன்.

நேரான இறக்கை உள்ள சாதாரணப் பயிற்சி விமானம் எங்கே சமநிலையில் நிற்க வேண்டும்? இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில். அகலம் 20 சென்ரிமீற்றர் என்றால் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 சென்ரிமீற்றர் வரை. அந்த இடத்தில் இருபுறமும் பேனாவால் ஒரு புள்ளி போட்டு, விரல்களை அங்கே வையுங்கள். மட்டமாக நின்றால் நல்லது. மூக்கு ஒரு சொட்டுத் தாழ்ந்தாலும் பயமில்லை, விமானம் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். வால் தாழ்ந்தால் மட்டும் தயவுசெய்து எறிய வேண்டாம். எடை பின்னால் போனால் காற்று மூக்கை லேசாகத் தூக்கியதும் அது தானாகத் திரும்பிவராது, இன்னும் இன்னும் தூக்கிக்கொண்டே போகும். கை பழகியவருக்கே அதைப் பிடித்து வைப்பது கஷ்டம்.

அந்தத் தம்பி வாங்கும்போது விமானம் சரியாகத்தான் இருந்தது. விழும்போதெல்லாம் வாலை ஒட்டியிருக்கிறார். பசை, ரேப், ஐஸ்கிறீம் குச்சி எல்லாம் சேர்ந்து வாலில் எடை கூடிவிட்டது. சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 45 சென்ரிமீற்றர், மூக்கு 15 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். வாலில் கூடும் 10 கிராமை ஈடுகட்ட மூக்கில் 30 கிராம் வேண்டும். அதனால் வாலை ஒட்டும்போது பசையைக் கஞ்சத்தனமாகப் பூசுங்கள். ஒட்டியபின் பற்றரியை முன்னால் தள்ளிப் பாருங்கள், அதற்கும் இடமில்லாவிட்டால்தான் மூக்கில் எடை சேர்க்க வேண்டும்.

அடுத்ததாக வரும் முறைப்பாடு, "எப்பவும் இடப்பக்கமே இழுக்குது." இதற்கு நான் கேட்பது ஒரே கேள்வி: மோட்டாரை நிறுத்தினாலும் இழுக்கிறதா? மோட்டார் ஓடும்போது மட்டும் இழுத்தால் இறக்கையில் தேட வேண்டாம். பின்னாலிருந்து பார்க்க வலமாகச் சுற்றும் புரொப்பெல்லர் விமானத்தை இடப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். மூக்கில் இருக்கும் மோட்டாரை இரண்டு மூன்று பாகை வலமாகத் திருப்பிப் பூட்டுவது அதற்காகத்தான். ஒருமுறை மூக்கு மோதினால் அந்தச் சாய்வு மாறிவிடும். வேகம் கூட்டும்போது மட்டும் மேலே ஏறினால் மோட்டாரைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். மோட்டார் நின்றபிறகும் ஒரு பக்கம் போகிறதா? அப்போது ட்ரிம்மை, அதாவது குச்சியைத் தொடாதபோது விமானம் நேராகப் போக ரிமோட்டில் செய்யும் சின்னத் திருத்தத்தைப் பாருங்கள், பின்னால் நின்று இறக்கை முறுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் விட்டுவைத்த ரிஜிபோம் இறக்கை முறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தொட்டாலே துள்ளும் விமானத்துக்கு மருந்து எளிது. வாலில் மேலும் கீழும் அசையும் தகடுதான் எலிவேட்டர், அதைக் கம்பியால் அசைக்கும் சின்ன மோட்டார்தான் சேர்வோ. சேர்வோக் கையில் கம்பியை உள்துளைக்கு மாற்றினால் எலிவேட்டரின் அசைவு குறையும். கம்பி துளைக்குள் ஆடினால் எந்த ட்ரிம்மும் நிலைக்காது, அதை முதலில் திருத்துங்கள்.

இன்னொன்று. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும், அது கோளாறு அல்ல. எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும். பற்றரி குறைந்து மோட்டார் நின்றாலும் பதற வேண்டாம். ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவருக்கும் சேர்வோக்களுக்கும் மின்சாரம் மிச்சம் இருக்கட்டும் என்றுதான் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை நிறுத்துகிறது. மூக்கைத் தூக்காமல் மெல்லச் சறுக்கி இறக்குங்கள்.

இந்தச் சோதனைகளை மேசையில் செய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கூடிவிடும். பற்றரி கொழுவியிருக்கும்போது கை தவறி வேகக் குச்சியில் பட்டு, விரல் கிழிந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அப்பா, அம்மா யாராவது பக்கத்தில் இருங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலேசான விமானத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். விடிந்த கையோடு, கடற்காற்று எழும்பும் முன் போங்கள். அறுவடை முடிந்த வட்டைதான் (வயல்வெளி) நல்ல இடம், மின்கம்பி இல்லாத பக்கமாகப் பாருங்கள். நகருக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருப்பதை மறக்க வேண்டாம். ஆளில்லா விமானங்களுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. வாங்க முன்னரே அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் தம்பியோடு நானும் வயலுக்குப் போனேன். பற்றரியை இரண்டு விரலளவு முன்னால் தள்ளியிருந்தோம். மோட்டாரை ஓட்டாமல், காற்றுக்கு எதிராக, மட்டமாக எறியச் சொன்னேன். வைக்கோல் அடிக்கட்டைகளுக்கு மேலால் நேராகச் சறுக்கிப் போய் வயிற்றால் இறங்கியது. ஓடிப்போய் எடுத்து வந்து, "இப்ப மோட்டாரப் போடவா சேர்?" என்றார். இன்னும் இரண்டு தரம் இப்படியே எறி, அப்புறம் போடுவோம் என்றேன்.