ராக் கச்சேரியும் மறுநாள் காதும்

சென்னையில் பெரிய இசை நிகழ்ச்சி ஒன்று நடந்து முடிந்தபின் வரும் திங்கட்கிழமைகளில், செவித்திறன் பரிசோதனைக்கு வருவோரில் சிலர் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "காது அடைச்ச மாதிரி இருக்கு, உள்ள கொய்யுனு ஒரு சத்தம் விடாம கேட்டுக்கிட்டே இருக்கு." சொல்பவரின் முகத்தில் கவலையைவிடப் பெருமிதமே கூடுதலாகத் தெரியும். கல்லூரி விடுதியில் ஒலிநாடா தேயத் தேயக் கேட்ட கிதார் கலைஞரை, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் முன்வரிசைத் தடுப்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு நேரில் கண்டவர் அவர். செவித்திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்டாகப் பணிபுரியும் நானும் அவ்வகை இசையில் வளர்ந்தவன் என்பதால் அந்தப் பரவசத்தில் எனக்குக் குறை காணத் தோன்றுவதில்லை. ஆனால் காதில் ஒலிக்கும் அந்த ரீங்காரம் உட்செவி அடிபட்டதற்கான முதல் அடையாளம் என்பதை அவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஒலியால் வரும் பாதிப்பை அதன் உரப்பும் நாம் அதற்கு ஆட்படும் நேரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பணியிடங்களுக்கென அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் (NIOSH) வகுத்துள்ள அளவுகோலின்படி, 85 டெசிபல் ஒலியில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் கிடைக்கிறது. மேடைக்கு அருகே ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டுவது ராக் நிகழ்ச்சிகளில் சாதாரணம் என்பதால், முதல் இரண்டு மூன்று பாடல்கள் முடிவதற்குள்ளாகவே அன்றைய நாளுக்கான முழு அளவும் தீர்ந்துவிடுகிறது. மீதமுள்ள இரண்டு மணி நேரமும் காது கடனில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்லியாவுக்குள், ஒலியதிர்வை நரம்புக்குரிய மின்குறிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மட்டுமே உள்ளன. பேரொலியில் அவற்றின் நுனியிலுள்ள நுண்ணிழைகள் நிலைகுலைகின்றன. பாதிப்பு மிதமாக இருந்தால் ஓரிரு நாளில் மீள்கின்றன, கடுமையாக இருந்தால் செல்லே மடிந்துவிடுகிறது. பறவைகளுக்கு அது மீண்டும் வளரும், மனிதர்களுக்கு வளராது. முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகளைக் கேட்கும் பகுதி. செவித்திறனைக் காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தில் அவ்விடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்ததுமே, நோயாளி வாய்திறக்கும் முன்பே, அவருடைய தொழிலோ பொழுதுபோக்கோ என்னவாக இருக்கும் என்று எங்களால் ஓரளவு ஊகிக்க முடியும்.

இதில் மக்களுக்குப் புரியவைக்கக் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. பரிசோதனை செய்து பார்த்தால் பலருக்கும் வரைபடம் இயல்பாகவே இருக்கும். "பார்த்தீங்களா, ஒண்ணும் இல்ல" என்று நிம்மதியாக எழுந்து போய்விடுவார்கள். ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகிய ஆய்வாளர்கள் 2009-இல் எலிகளிடம் நடத்திய ஆய்வு இந்த நிம்மதியைக் கலைத்தது. இரண்டு மணி நேரம் உரத்த ஒலிக்கு ஆட்பட்ட எலிகளின் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது, மயிர்ச்செல்களும் பிழைத்திருந்தன, ஆனால் அச்செல்களை நரம்போடு இணைக்கும் இணைப்புகளில் ஏறக்குறைய பாதி அழிந்திருந்தன. மனிதரிடமும் இதே அளவில் நடக்கிறதா என்பதில் அறிவியலாளரிடையே விவாதம் தொடர்கிறது. ஆயினும் வரைபடம் சுத்தமாக இருக்க, கல்யாண மண்டபத்தின் இரைச்சலில் மட்டும் எதிரில் இருப்பவர் பேசுவது விளங்கவில்லை என்று நாற்பது வயதில் வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது, அந்த ஆய்வை என்னால் எலிகளோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கின்றன; குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிடுகின்றன; பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் ஒலி 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கின்றன. கவனித்துப் பார்த்தால், அளவெடுக்கப்படும் இடம் மைதானத்தின் எல்லை. மதிலுக்கு வெளியே உறங்க முயல்பவரின் உரிமைக்காக எழுதப்பட்ட விதிகள் அவை, அது நியாயமும்கூட. ஆனால் பணம் கொடுத்து மதிலுக்குள் நிற்பவரின் காது அவற்றின் கணக்கில் வரவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தர அளவுகோல்தான் இந்த இடைவெளியை நேரடியாகப் பேசுகிறது: அரங்கினுள் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஒலியைத் தொடர்ந்து அளக்க வேண்டும், பார்வையாளருக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர ஓர் அமைதிப் பகுதி வேண்டும் என்கிறது. இது பரிந்துரை மட்டுமே என்பதால், நம் காதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காதடைப்பான் போட்டால் பாட்டு கெட்டுவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மருந்துக்கடைகளில் கிடைக்கும் மென்பஞ்சு வகை, கூர்மையான ஒலிகளைக் கூடுதலாக அடக்குவதால் இசை சற்று மங்கலாகக் கேட்கும் என்பது உண்மை. இசைக்கலைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்துச் செய்யப்படும் வகை எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கிறது. 105 டெசிபலில் வரும் ஒலி 20 டெசிபல் குறைந்து 85 ஆகிவிட்டால், முழு நிகழ்ச்சியையும் அச்சமின்றிக் கேட்கலாம். ஒலி மிதமிஞ்சும்போது காதே அதைச் சிதைத்துத்தான் கேட்கும் என்பதால், அடைப்பானை அணிந்தபின் பாடல் வரிகள் முன்பைவிடத் தெளிவாகக் கேட்பதாகப் பலரும் சொல்கிறார்கள். மென்பஞ்சு வகையை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். காதின் வாசலில் ஒப்புக்குச் செருகி வைத்தால் அட்டையில் அச்சிட்ட டெசிபலில் பெரும்பகுதி கிடைக்காது. மருத்துவப் பஞ்சும் கைக்குட்டைக் கிழிசலும் அனேகமாகப் பயனற்றவை.

நிற்கும் இடமும் முக்கியம். மைதானத்தின் நடுவே ஒலிப்பொறியாளர் கலவைக் கருவியோடு அமர்ந்திருக்கும் கூடாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் ஒலியைச் செப்பனிடுவது அங்கு கேட்பதை வைத்துத்தான். எனவே அதை ஒட்டி நிற்பவருக்கே இசை சரியான விகிதத்தில் கிடைக்கிறது. ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே, அதிக விலையுள்ள நுழைவுச்சீட்டோடு நிற்பவருக்குக் கிடைப்பது கலைஞரின் முகமும் நெஞ்சை உலுக்கும் அதிர்வும்தான். இன்னொரு விநோதமும் உண்டு: மேடையில் பாடுபவரின் காதில் வெளியொலியைத் தடுக்கும், இயர்போன் போன்ற கேட்புக்கருவி பொருந்தியிருக்கிறது, முன்வரிசை ரசிகரின் காதில் எதுவும் இல்லை. கலைஞர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், முழுச் செவிட்டுத்தன்மை நேரலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016-இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலக நேர்ந்தது.

குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்பீக்கர் அருகே நிற்கும் தந்தையரைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. சிறு பிள்ளைகளுக்குக் காதை முழுவதும் மூடும் இயர் மஃப் இல்லாமல் இத்தகைய இடத்துக்கு அழைத்து வராதீர்கள். புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் சிகிச்சை பெறுவோரும், கிருமித்தொற்றுக்கான அமிகாசின் போன்ற ஊசி மருந்துகள் போட்டுக்கொள்வோரும் மருத்துவரைக் கேட்காமல் செல்லக்கூடாது. அம்மருந்துகள் ஏற்கெனவே காதைப் பலவீனப்படுத்துபவை.

நிகழ்ச்சி முடிந்து மெட்ரோவில் ஏறியதும் அதே பாடல்களை இயர்போனில் கேட்கத் தொடங்குவது பலருக்கும் வழக்கம். அன்றிரவும் மறுநாளும் காதுக்கு அமைதி தேவை. அடைப்பும் ரீங்காரமும் இரண்டு நாளில் நீங்காவிட்டால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனாலோ, தலைசுற்றல் சேர்ந்துகொண்டாலோ, அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும், ஏனெனில் ஸ்டீராய்டு சிகிச்சைக்குப் பலன் உள்ள காலம் மிகக் குறுகியது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் அதற்கான பிரிவு உண்டு. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், அழுக்குதான் அடைத்திருக்கிறது என்று பட்ஸ் விட்டுக் குடைவதும், ஒரு வாரம் பார்க்கலாம் என்று காத்திருப்பதும் அந்தக் காலத்தைத் தின்றுவிடுகின்றன.