செப்டம்பர் 17: அமெரிக்க அரசமைப்பு நாளும் குடியுரிமை உறுதிமொழியும்

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் பிலடெல்பியாவில் கையெழுத்தானது 1787 செப்டம்பர் 17 அன்று. ஆண்டுதோறும் அந்த நாள் அரசமைப்பு நாளாகவும் குடியுரிமை நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. விடுமுறை கிடையாது. ஆனால் கூட்டாட்சி அரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்கள் அன்று அரசமைப்பைப் பற்றி ஏதேனும் ஒரு கல்வி நிகழ்ச்சியை நடத்தியாக வேண்டும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. புதிய குடிமக்கள் உறுதிமொழி ஏற்கும் விழாக்களும் அந்த வாரத்தில் நாடெங்கும் நடைபெறுகின்றன.

இரண்டையும் ஒரே நாளில் வைத்ததற்குப் பொருள் உண்டு. புதிய குடிமகன் பற்றுறுதி அளிப்பது அரசருக்கோ அதிபருக்கோ அன்று; அரசமைப்பையும் சட்டங்களையும் காப்பேன் என்றே அவர் கையை உயர்த்திச் சொல்கிறார். இந்த வாசல் நமக்கு எளிதில் திறந்துவிடவில்லை. 1790ஆம் ஆண்டின் முதல் குடியுரிமைச் சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே இடம் தந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற இந்தியருக்குக்கூட, இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று கூறி 1923இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. இந்தியர் என்ற முறையில் விண்ணப்பிக்கும் உரிமை 1946இல்தான் கிடைத்தது. விண்ணப்பத்தை வெறும் தாள் வேலையாக எண்ணுபவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் என்-400. பதினெட்டு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்பு அட்டை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து சேர்ந்து வாழ்பவருக்கு மூன்று ஆண்டுகள் போதும். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. நம்மவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பயணத்தில்தான். பெற்றோரின் உடல்நலம் கருதி ஊருக்குப் போய் ஆறு மாதங்களுக்கு மேல் தங்கிவிட்டால், வசிப்பின் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்படும். அறவில்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஓராண்டைத் தாண்டினால் நிலைமை இன்னும் கடினம். எனவே ஒவ்வொரு பயணத்தின் தேதியையும் அவ்வப்போதே குறித்து வைப்பது நல்லது.

நேர்காணலில் ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் பேசவும் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அரசமைப்பு, ஆட்சிமுறை, வரலாறு குறித்தும் கேட்பார்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு, 128 கேள்விகள் கொண்ட தொகுப்பிலிருந்து இருபது வரை கேட்கப்படும். பன்னிரண்டுக்குச் சரியாக விடை சொல்ல வேண்டும். முதல்முறை தவறினால், தவறிய பகுதிக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஐம்பது வயதைக் கடந்து, கிரீன் கார்டுடன் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது; ஐம்பத்தைந்து வயதும் பதினைந்து ஆண்டுகளும் ஆனவருக்கும் அப்படியே. ஆங்கிலம் வராது என்று அஞ்சி விண்ணப்பிக்காமலே இருக்கும் அம்மா அப்பாக்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு தமிழிலேயே விடை சொல்லலாம்.

விழா நாளில் நுழைவிடத்திலேயே கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இத்தனை ஆண்டுகள் பணப்பையில் பத்திரமாக வைத்திருந்த அட்டை கையை விட்டுப் போனதும், கை ஒரு கணம் வெறுமையாக இருக்கும். பிறகு எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழியை ஒன்றாகச் சொல்வார்கள். அதன் பின்னரே சான்றிதழ் வரும். அரங்கை விட்டு வெளியேறுவதற்குள் அதில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். முன்னெழுத்தோடு வாழ்ந்த நமக்கு, அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும் நம் பெயர் அதற்கு முன்னும் பின்னுமாகவும் வெவ்வேறு ஆவணங்களில் இடம் மாறிக் கிடப்பது வழக்கம். பெயரை மாற்றிக்கொள்ள விரும்புவோர் என்-400 படிவத்திலேயே கேட்கலாம். நீதிபதி நடத்தும் விழாவாக இருந்தால் அங்கேயே மாற்றம் நிறைவேறும்.

இந்தியக் குடிமக்களுக்கு இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஒன்பதாம் பிரிவின்படி, தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். அதன்பின் பெறக்கூடிய ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இரட்டைக் குடியுரிமை அன்று; அதைக்கொண்டு இந்தியாவில் வாக்களிக்க முடியாது, விளைநிலமும் வாங்க முடியாது. இலங்கையரின் குடியுரிமையும் முடிவுக்கு வரும். ஆனால் அதைத் தக்கவைக்கவோ மீளப் பெறவோ விண்ணப்பிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது.

நேர்காணலில் தேறிவிட்டோம், குடிமகன் ஆகிவிட்டோம் என்று எண்ணிவிடக் கூடாது. உறுதிமொழி ஏற்கும் வரை குடியுரிமை இல்லை. இடைப்பட்ட நாள்களில் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கச் சென்றால், வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்கக்கூடும். படிவத்தில் அதற்குரிய கட்டத்தில் குறியிட்டு விட்டால் குடியுரிமை விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். விழா முடிந்து சான்றிதழ் கைக்கு வந்த பின் முறையாகப் பதிவு செய்யுங்கள். பல விழாக்களில் அதற்கான படிவத்தை அங்கேயே தருகிறார்கள்.