எழுத்து அதேதான், மேல ஒரு புள்ளி

ஒரு வாசகி கேட்டிருந்தாங்க, "ஜீன்ல ஒரு எழுத்துகூட மாறலன்னா கிட்னி கேன்சர் எப்படிங்க வரும்?"னு. நல்ல கேள்வி. கேன்சர்னாலே மியூட்டேஷன்னு நமக்கு மனசுல பதிஞ்சு போச்சு.

கிட்னி கேன்சர்ல முக்கால்வாசி கிளியர் செல் வகை. செல்லுக்குள்ள இருக்கிற கொழுப்பு, கிளைகோஜென் எல்லாம் ஸ்லைடு தயார் பண்றப்போ கரைஞ்சு போயிடும், மைக்ராஸ்கோப்ல வெறும் வெள்ளையா தெரியும், அதான் அந்தப் பேரு. இதுல பெரும்பாலும் அடிவாங்குறது 3வது குரோமோசோம்ல இருக்கிற விஎச்எல் ஜீன். ரெண்டு காப்பில ஒண்ணு குரோமோசோம் துண்டோட போயிடும், இன்னொண்ணு பொதுவா மியூட்டேஷன்ல கெடும். ஆனா 1994ல 26 கட்டிய சோதிச்சுப் பார்த்தப்போ 5ல ஜீனோட ஆரம்பப் பகுதி பூரா மெத்தில் அப்பியிருந்துச்சு, ஜீன் வாயே திறக்கல.

மெத்தில்னா ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன், அவ்ளோதான். அது டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஒண்ணான 'சி' மேல உக்காரும். 'க' மேல புள்ளி வெச்சா 'க்' ஆகுதுல்ல, எழுத்து அதேதான், உள்ள இருந்த உயிர் போச்சு, அந்த மாதிரி. என்ன, இங்க ஒரு புள்ளி பத்தாது, ஜீனோட வாசல்ல நெருக்கமா நிறைய விழணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இனிமேதான். செல் ரெண்டாகுறப்போ டிஎன்ஏ காப்பி ஆகுது, புது இழைல புள்ளி கிடையாது, அப்போ ரெண்டு மூணு தலைமுறைல எல்லாம் காணாம போகணும்ல? போகாது. ஏன்னா புள்ளி விழுறது பெரும்பாலும் சி பக்கத்துல ஜி வர்ற இடத்துல, அதுக்கு எதிர் இழைய அதோட திசைல படிச்சா அங்கயும் சி-ஜி தான், நம்ம விகடகவி மாதிரி. பழைய இழைல புள்ளி இருக்கு, எதிர்ல இல்லன்னா ஒரு புரதம் கைகாட்டும், டிஎன்எம்டி1ங்கிற என்சைம் வந்து அங்கயும் ஒண்ணு வெச்சுட்டுப் போயிடும். ஓலைச்சுவடி எழுதினவங்க ஓலை கிழியும்னு புள்ளிய விட்டுட்டாங்க, இது பெரும்பாலும் விடாது! அதனால ஒரு செல்லுல விழுந்த பூட்டு அதோட வாரிசுக்கெல்லாம் போகுது.

விஎச்எல் வேலை என்னன்னா, ஆக்ஸிஜன் இருக்கிறப்போ எச்ஐஎஃப்ங்கிற புரதத்த குப்பைக்கு அனுப்புறது. அது வாயடைச்சுட்டா எச்ஐஎஃப் குவியும், மூச்சு முட்டுதுன்னு செல் நம்பி ரத்தக்குழாய வரவழைக்கும், கட்டி அதக் குடிச்சு வளரும். இந்த ஆக்ஸிஜன் கதைக்குத்தான் 2019 நோபல்.

புள்ளிய அழிக்க முடியாதான்னா, முடியும். அதே 1994 ஆய்வுல ஒரு அசாசைட்டிடின் வகை மருந்து கொடுத்தப்போ கிட்னி கேன்சர் செல்லுல விஎச்எல் திரும்பப் பேசுச்சு. 'சி' வேஷத்துல டிஎன்ஏக்குள்ள போய் டிஎன்எம்டி1ஐயே மாட்டிவிடுற தந்திரம். இந்த வகை சில ரத்த நோய்களுக்கு இப்பவும் மருந்து, ஆனா கிட்னி கட்டில பெருசா எடுபடல, அதோட தேவையான புள்ளியையும் சேத்து அழிக்கும். இன்னொரு வழில, எச்ஐஎஃப்ல ஒரு வகையான எச்ஐஎஃப்-2வையே பிடிக்கிற பெல்சுட்டிஃபான்ங்கிற மாத்திரை வந்துச்சு, அமெரிக்காவுல 2023ல முத்தின கிட்னி கேன்சருக்கும் அனுமதி கிடைச்சுது. ஆக்ஸிஜன் எப்படித் தெரியுதுன்னு சும்மா நோண்டினவங்களுக்கு அன்னிக்கு காசு கொடுக்காம இருந்திருந்தா இந்த மாத்திரை ஏது? "ஜீனை சுத்தம் பண்ற கஷாயம்"னு விக்கிறவங்கள மட்டும் ஒண்ணு கேளுங்க, எந்தப் புள்ளிய அழிக்கும், எத விட்டுவைக்கும்னு.