மறுபடியும் அதே முடிவு கிடைக்கிறதா? உளவியலில் மறுசோதனை

அமெரிக்க உளவியலாளர் ஜான் பார்ஜும் அவருடைய சகாக்களும் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு, உளவியலில் பெரிதும் பேசப்பட்டது. கலைத்துப்போட்ட சொற்களை வாக்கியமாக அடுக்கும் பயிற்சி மாணவர்களுக்குத் தரப்பட்டது. ஒரு பிரிவினருக்குக் கொடுத்த சொற்களில் முதுமையை நினைவூட்டுபவை கலந்திருந்தன. பயிற்சி முடிந்து வெளியேறும் மாணவர் 9.75 மீட்டர் தூரத்தை நடந்து கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தை, அவருக்குத் தெரியாமல் ஒருவர் அளந்தார். முதுமைச் சொற்களைக் கண்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டனர். 30 பேரிடம் கண்ட இந்த முடிவை, அதே குழு இன்னும் 30 பேரிடமும் கண்டதாக அறிவித்தது.

2012இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஸ்டெஃபான் டோயனின் குழு இதே சோதனையை 120 பேரிடம் நடத்தியது. இம்முறை நேரத்தை அளந்தவை அகச்சிவப்பு உணரிகள். இரு பிரிவினரின் நடையிலும் வேறுபாடு தென்படவில்லை. குழு அதோடு நிற்கவில்லை. அடுத்த சோதனையில், அதை நடத்துபவர்களில் ஒரு பாதியினரிடம் பங்கேற்பாளர்கள் மெதுவாக நடப்பார்கள் என்ற எதிர்பார்ப்பையும், மறுபாதியினரிடம் வேகமாக நடப்பார்கள் என்ற எதிர்பார்ப்பையும் ஏற்படுத்தினார்கள். மெதுவான நடையை எதிர்பார்த்தவர்கள் நடத்தியபோது மட்டுமே, முதுமைச் சொற்களைக் கண்டவர்கள் உண்மையிலேயே மெதுவாக நடந்ததை உணரிகள் பதிவுசெய்தன.

மறுசோதனையின் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. முதல் முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதோடு அதன் வேலை முடிவதில்லை. அந்த முடிவு எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பதையும் அது தேடுகிறது. ஒரே குழு தன் சோதனையைத் தானே திரும்பச் செய்தால், அதன் எதிர்பார்ப்புகளும் அளவிடும் பழக்கங்களும் கூடவே திரும்ப வருகின்றன. அதனால்தான் வேறு கைகள் தேவைப்படுகின்றன.

கணக்கும் இதையே சொல்கிறது. உளவியலில் வழக்கமாகப் பின்பற்றப்படும் வரம்பு 5 சதவீதம்: இல்லாத ஒரு விளைவைத் தேடி 20 சோதனைகள் நடந்தால், அவற்றில் சராசரியாக ஒன்று தற்செயலாகவே 'விளைவு உண்டு' என்று காட்டிவிடும். ஆய்விதழில் அச்சேறுவது பெரும்பாலும் அந்த ஒன்றுதான். மற்ற 19-ம் வெளியே தெரிவதில்லை. எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்த அளவீட்டை எடுத்துக்கொள்வது என்பவற்றைத் தரவைப் பார்த்த பிறகு முடிவுசெய்தால், இந்தப் பிழை பல மடங்கு பெருகும். இதற்கு மோசடி எண்ணம் தேவையில்லை, நேர்மையான ஆய்வாளருக்கும் நேரும்.

2015இல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெருங்குழு, மூன்று ஆய்விதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம், அந்த 5 சதவீதப் புள்ளியியல் வரம்பின்படி 'விளைவு உண்டு' என்று காட்டியிருந்தன. மறுசோதனைகளில் அப்படிக் காட்டியவை 36 சதவீதம் மட்டுமே. விளைவுகளின் அளவும் சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. எஞ்சியவை எல்லாம் பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது, ஏனெனில் மறுசோதனையும் தற்செயலுக்கு உட்பட்ட ஒரு சோதனையே.

ஆகவே ஒரே கேள்வியைப் பல ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும் முறை வலுப்பெற்றது. 2014இல் வெளியான அத்தகைய ஒரு முயற்சியில், 6,344 பேரிடம் 13 விளைவுகள் சோதிக்கப்பட்டன. 10 விளைவுகள் நிலைத்தன. முதலில் காதில் விழும் ஓர் எண், அதற்குப் பிறகு நாம் செய்யும் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்ற கண்டுபிடிப்பு அவற்றுள் ஒன்று. மூல ஆய்வில் கண்டதைவிட அது இங்கே வலுவாகவே வெளிப்பட்டது. இப்படித் தேறிவந்த ஒன்றின்மேல் நம்பி அடுத்த ஆய்வைக் கட்டலாம்.

என் பார்வையில் இவற்றைவிட ஆழமான மாற்றம், 2013 முதல் சில ஆய்விதழ்கள் கைக்கொண்ட முன்பதிவு முறை. இதில் தரவு சேகரிக்கும் முன்பே கேள்வியையும் செய்முறையையும் மதிப்பிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிடுவதாக ஆய்விதழ் ஒப்புக்கொள்கிறது. 2021இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டின்படி, வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 சதவீதம் தங்கள் முதல் கருதுகோள் உறுதிப்பட்டதாகக் கூறின. முன்பதிவு செய்தவற்றில் அப்படிக் கூறியவை 44 சதவீதமே.