கிராம சபை நோட்டில் கையெழுத்துப் போடும் முன்: ரோடு, சாக்கடை, குடிதண்ணீருக்கு மனு கொடுப்பவர்களுக்கு

பக்கத்து ஊரில் ஒரு பெரியம்மா இருக்கிறார். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்பது மனு ரசீதுகளை மடித்து வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கு முன்னால் இருக்கும் தார் ரோட்டை, பழைய தாரை எடுக்காமல் மேலே மேலே போட்டே உயர்த்திவிட்டார்கள். ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கிப் போக வேண்டும். மழை பெய்தால் தெருச் சாக்கடைத் தண்ணீர் அடுப்படி வரைக்கும் வருகிறது. ஊராட்சியில் கேட்டால் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது என்கிறார்கள், அங்கே போனால் சாக்கடை ஊராட்சி வேலை என்கிறார்கள், ஒன்றிய அலுவலகத்தில் ‘கிராம சபையில் சொல்லுங்கம்மா’ என்று அனுப்பிவிடுகிறார்கள். கிராம சபையிலும் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த மூன்று கூட்டங்களின் தீர்மானங்களிலும் இந்தச் சாக்கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இவரைப் போல நிறையப் பேரைப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி கொஞ்சம்தான். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். தெரு ரோடு, தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிதண்ணீர், சுடுகாடு எல்லாம் ஊராட்சியின் கட்டாயக் கடமைகள், அதே சட்டத்தின் 110ஆவது பிரிவில் இருக்கின்றன. ‘பார்க்கலாம்’, ‘முடிந்தால் செய்கிறோம்’ என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

முதலில், கிராம சபையில் நீங்கள் உறுப்பினரா என்று பாருங்கள். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் உறுப்பினர். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாம் இந்த ஊர் முகவரியில் இருந்தாலும் ஓட்டு வேறு ஊரில் இருந்தால் உங்களைப் பேச விடாமல் உட்கார வைக்க ஒருவர் வருவார். இதில் அதிகம் மாட்டுவது கல்யாணமாகி வந்த பெண்கள்தான். பத்து வருஷமாக இங்கேயே குடியிருப்பார்கள், ஓட்டு மட்டும் பிறந்த ஊரிலேயே கிடக்கும். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் இப்படித்தான். படிவம் 8 கொடுத்து ஓட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அது முடியும்வரை உங்கள் மனுவில் இந்த ஊரில் ஓட்டு உள்ள வீட்டுக்காரர் ஒருவரை முதல் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது இடம். ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களில் மாற்றி மாற்றி நடத்த வேண்டும், கோயில் போன்ற வழிபாட்டு இடங்களில் நடத்தக் கூடாது, ஏழு நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். நடைமுறையில் ஊராட்சி அலுவலகக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு அறிவித்ததாகக் கணக்குக் காட்டுவார்கள். காலனிக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் சேதி போகவே போகாது. தேதிகள்தான் ஆறும் தெரிந்தவை, அதனால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஒரு வாரம் முன்னால் ஊராட்சிச் செயலரிடம் இடத்தையும் நேரத்தையும் நேரில் கேட்டு, ஒட்டிய தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நோட்டு. கூட்டம் செல்லுபடியாக ஒரு குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். எண்ணிக்கை குறைந்தால் கூட்டமே செல்லாது. அதனால் வாசலில் நுழைந்ததும் நோட்டை நீட்டுவார்கள். நான் பார்த்த கூட்டங்களில் 100 நாள் வேலைக்கு வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிய பிறகு, கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். நோட்டின் மேல் பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் தீர்மானங்களை இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். நீங்கள் போட்ட கையெழுத்து, நீங்கள் கேட்காத தீர்மானத்துக்கும் சேர்த்துச் சம்மதமாகிவிடுகிறது.

வெற்றுப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். வருகைக்குத்தான் என்று சொன்னால், பெயருக்குப் பக்கத்தில் ‘வருகைக்கு மட்டும்’ என்று உங்கள் கையாலேயே எழுதிப் போடுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, அமைதியாக எழுதுங்கள். கூட்டம் முடியும்போது ‘இன்றைய தீர்மானங்களை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்’ என்று எழுந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வாசிப்பார்கள்.

பெரியம்மா செய்த ஒரே தப்பு, கிராம சபையில் வாயால் மட்டும் சொன்னது. கூட்டத்தில் மேலிடத்திலிருந்து வந்த பொருள்களைத்தான் முதலில் வாசிப்பார்கள், மழைநீர் சேகரிப்பு, டெங்கு, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று அது ஒரு மணி நேரம் ஓடும். ஊர்க்காரர்கள் பிரச்சினையெல்லாம் கடைசியில் ‘இதர பொருள்’ என்று ஒரு வரியில் வரும், அதற்குள் வெயில் ஏறி ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். அதனால் கூட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்பே, ‘கீழ்க்கண்டதைக் கூட்டப் பொருளாகச் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்றக் கோருகிறோம்’ என்று எழுதி, பத்துப் பேர் வாக்காளர் எண்ணோடு கையெழுத்திட்டு, செயலரிடம் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அதே மனுவை அன்றைக்கே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். முத்திரையோ தபால் ஒப்புகையோ இல்லாத மனுவைக் கொடுக்கவே இல்லை என்று பின்னால் சொல்லிவிடுவார்கள்.

ரோடு விஷயத்தில் முக்கால்வாசி அலைச்சல், அது யாருடைய ரோடு என்று தெரியாமல் வருவது. ஊருக்குள்ளே இருக்கும் தெருக்கள் ஊராட்சியுடையவை. இரண்டு மூன்று ஊர்களை இணைக்கும் சில ரோடுகள் ஒன்றியச் சாலைகள். பஸ் போகும் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலையாக இருக்கும். மைல்கல்லின் தலையில் பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. கல்லே இல்லாத ரோடுதான் தலைவலி. அதற்கு ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளரிடம் போய் ‘இந்த ரோடு உங்கள் சாலைப் பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா, எழுத்தில் சொல்லுங்கள்’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். இல்லை என்று எழுதித் தந்தால் அந்தத் தாளை நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளரிடம் கொடுக்கும் மனுவோடு இணைத்துவிடுங்கள். அதன் பிறகு அவர்கள் திரும்ப ஒன்றியத்தைக் கை காட்ட முடியாது. ‘நம்ம சாலை’ செயலியில் பள்ளத்தைப் படம் எடுத்துப் போடலாம், ஆனால் அது நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளுக்கானது. உங்கள் தெருவை அதில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, ரோடு உயர்வது பற்றி. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தார் போட வேண்டும், வீடுகளை விட ரோடு உயரக் கூடாது என்று 2021லேயே தலைமைச் செயலாளர் துறைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வேலை ஆரம்பிக்கும் அன்று சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் தார் கொட்டும் முன்பே பொறியாளருக்குச் சொல்லுங்கள். தார் கொட்டி முடித்த பிறகு அதைப் பெயர்த்து எடுக்க யாரும் வர மாட்டார்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இரண்டு பேர் உண்டு. ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. தெரு ரோடு, சாக்கடை, குடிதண்ணீர் எல்லாம் கிராம ஊராட்சியைப் பார்ப்பவரிடம் போக வேண்டும். ‘பி.டி.ஓ.’ என்று மட்டும் எழுதிய மனு எந்த மேஜையில் விழுந்தாலும் அது தன்னுடையது இல்லை என்று அங்கேயே தூங்கும். கூலி வேலைக்குப் போகாமல் வந்து, ஒரு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் ‘நீங்க அந்த சாரைப் பார்க்கணும்’ என்று கேட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். முகவரியிலேயே ‘கிராம ஊராட்சி’ என்று எழுதிவிட்டால் அந்த ஒரு நாள் மிச்சம்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அதிலிருந்து ‘தலைவர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒரு பதில் புதிதாகக் கிடைக்கிறது. தலைவரின் அதிகாரமும் கடமையும் அப்படியே தனி அலுவலருக்குப் போகின்றன. தலைவர் இல்லையென்றால் மனுவைத் ‘தனி அலுவலர்’ என்று பெயரிட்டுக் கொடுங்கள்.

‘நிதி இல்லை’ என்பது எல்லாக் காலத்துக்குமான பதில். சில சமயம் உண்மையாகவும் இருக்கும், நிதிக்குழு மானியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால். ஆனால் வாய்வார்த்தையை நம்பித் திரும்ப வேண்டாம். ‘இ-கிராம் ஸ்வராஜ்’ இணையதளத்தில் உங்கள் ஊராட்சி எந்த வேலைக்கு எவ்வளவு செலவு எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் தெருச் சாக்கடைக்கே செலவு எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வந்துவிட்டால் கூட்டத்துக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் வந்தாலே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள், தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். தெருக்கோடிக் குழாயில் பிடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மீதம் இருக்க வேண்டும். சோதிக்க வருபவர்கள் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள், அங்கே எப்போதும் சரியாகத்தான் இருக்கும். உங்கள் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் பிடிக்கச் சொல்லி, கூடவே நில்லுங்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு மருந்து விடுவார்கள், மஞ்சள் நிறம் வர வேண்டும். நிறமே மாறவில்லையென்றால் குளோரின் இல்லை என்று அர்த்தம். அதை அங்கேயே எழுதி வாங்குங்கள், பிறகு தொட்டியைக் கழுவுவதற்கும் உடைந்த பைப்பை மாற்றுவதற்கும் அந்த ஒரு தாள் போதும்.

தீர்மானம் நிறைவேறிவிட்டால் அதோடு விடாதீர்கள். தீர்மான எண்ணும் தேதியும் போட்ட நகல் கைக்கு வர வேண்டும். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. தேதியைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள் நிறைய, அதனால் தபால் போட்ட அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். ‘ஏன் போடவில்லை’, ‘எப்போது போடுவீர்கள்’ என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். தீர்மான நகல், மதிப்பீட்டு நகல், அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவைப் பொறியாளர் குறிக்கும் புத்தகம்) நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நடந்த வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட ரோட்டிலிருந்து மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்ட இடங்களில் பதில் சீக்கிரமாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவும் முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணும் உதவாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்ததும் மனு முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் முடிவும் தர வேண்டும் என்று 2015 செப்டம்பர் 21 தேதியிட்ட பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 99 இருக்கிறது. மனுவின் கடைசி வரியில் அந்த எண்ணை எழுதுங்கள், கூடவே தீர்மான நகலையும் இணையுங்கள். தீர்மானம் இணைத்த மனுவை ஒரு தனி ஆளின் குறை என்று ஒதுக்க முடியாது.

பெரியம்மாவின் பத்தாவது மனுவைப் போன வாரம் எழுதினோம். முகவரியில் ‘தனி அலுவலர்’, பன்னிரண்டு கையெழுத்து, ரோடு ஒன்றியப் பதிவேட்டில் இல்லை என்று பொறியாளர் எழுதித் தந்த தாள், வீட்டுப் படியையும் ரோட்டையும் சேர்த்து அளவு டேப் வைத்து எடுத்த படம். செயலர் முத்திரை போட்டுக் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் நோட்டு வரும்போது பக்கத்தில் நிற்க நானும் போகிறேன்.